கிளியின் உடுப்பில் ஒரு மதியம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் ‘டீச்சர்’தான். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் அல்ல, நர்ஸ். ஆனால் அவள் வார்டுக்குள் கால் வைத்தால், சாய்ந்து கிடந்த நோயாளி நிமிர்ந்து உட்காருவார். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, அது தொண்டைக்குள் இறங்கும்வரை இடத்தைவிட்டு நகரமாட்டாள். சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து காட்டச் சொல்லுவாள். கட்டிலுக்கு அடியில் செருப்பு கோணலாகக் கிடந்தால்கூட அவளுக்குப் பொறுக்காது. “அவங்க டூட்டின்னா நிம்மதியாத் தூங்கலாம்” என்பார் பெரிய டாக்டர். தூங்குவதென்னவோ டாக்டர்தான். நோயாளிகள் முழித்துக்கொண்டு கிடப்பார்கள்.

அவளுக்குள் ஒரு சின்னக் குறை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷ வேலையில், அவளைக் கண்டதும் மலர்ந்த முகம் ஒன்றுகூட இல்லை. குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் நன்றி சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் பரீட்சை முடிந்து வெளியே வருகிறவர்களின் முகத்தோடு சொன்னார்கள். வீட்டிலும் அதே கதைதான். மகள் அப்பாவைக் கண்டால் தோளில் தொங்குவாள். அம்மாவைக் கண்டால் அவசரமாகப் பாடப் புத்தகத்தை எடுத்து விரிப்பாள்.

தொற்றுநோய் வந்தபோது மூன்றாவது மாடியை முழுசாக அடைத்துத் தனி வார்டு ஆக்கினார்கள். மாடிக்கு இரண்டு வாசல். ஒன்றில் கவச உடை போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும், இன்னொன்றில் கழற்றி எறிந்துவிட்டுக் குளித்து வெளியே வர வேண்டும். நடுவில் கண்ணாடிச் சுவர். உள்ளே போன நர்ஸ் தன் முறை முடியும்வரை தண்ணீர் குடிக்க முடியாது, மூக்கு அரித்தால் சொறிய முடியாது, பாத்ரூம் போக முடியாது. தலை முதல் கால் வரை வெள்ளை. அதற்கு மேல் முகமூடி, அதற்கும் மேல் கண்ணாடித் தகடு. பேசினால் தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல் கேட்கும். யார் குட்டை, யார் நெட்டை என்பதைத் தவிர நோயாளிகளுக்கு ஒன்றும் தெரியாது. அதிலும் டீச்சரும் கிளியும் ஒரே உயரம்.

கிளி யாரென்று சொல்ல வேண்டும். நர்ஸ்களிலேயே இளையவள், வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகவில்லை. வாய் ஓயாது. ஊசி போடும்போதும் பேசுவாள், காலிப் பாட்டிலை மாற்றும்போதும் பேசுவாள். பேசுகிற சுவாரசியத்தில் நாலு வேலையில் ஒன்றை மறந்துவிட்டு, “ஐயோ, இதோ வந்துட்டேன்” என்று திரும்பி ஓடி வருவாள். முகம் தெரியாத வெள்ளை உருவங்களைக் கண்டு நோயாளிகள் மிரள்வதைப் பார்த்து, உடையின் மார்பில் பெயர் எழுதலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். எழுதும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. காலையில் உட்கார்ந்து அன்றைக்கு வேண்டிய உடைகளில் மார்க்கர் பேனாவால் பட்டப்பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு படமும் போட்டு அலமாரியில் அடுக்கிவிடுவாள். தனக்கு ஒரு கிளி. டீச்சருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி, அதன் பக்கத்தில் ஒரு கோடு.

“இது என்ன கோடு?” என்று டீச்சர் கேட்டாள்.

“பேனா, அக்கா.”

“பேனா இவ்வளவு நீளமா இருக்குமா?”

“நீங்க நிறைய எழுதுவீங்கல்ல, அதான்.”

அது பிரம்பு என்று எல்லோருக்கும் தெரியும். டீச்சருக்கும் தெரியும். அதையே போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். ஓய்வு பெற்றவர். ஆம்புலன்சில் வரும்போது அவருடைய ஃபோன் எங்கோ விழுந்துவிட்டது. அவருடைய மனைவிக்கும் தொற்று இருந்தது. அந்த அம்மாவுக்கு லேசாகத்தான் இருக்கிறது என்று வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். வார்டுக்கென்று ஒரு ஃபோன் உண்டு. கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருக்கும். உள்ளே போகும் நர்ஸ் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். தினமும் சாயங்காலம் கிளி அதை டிரைவரின் காதருகே பிடித்துக்கொண்டு நிற்பாள். பேச்சென்று பெரிதாக ஒன்றும் இருக்காது. “மோட்டாரை நிறுத்தினியா?” என்று இவர் கேட்பார். “நிறுத்தாம ஊரெல்லாம் தண்ணியா ஓடுது? மூச்ச விடுற வழியப் பாருங்க” என்று அந்த அம்மா கத்துவது வார்டு முழுக்கக் கேட்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல்காரர் அதைக் கேட்பதற்கென்றே தூங்காமல் காத்திருப்பார்.

அந்த மதியம் டீச்சர் உள்ளே போக உடை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜிப்பை இழுத்தாள், பாதியிலேயே பிய்ந்து வந்துவிட்டது. அதே சமயம் உள்ளே ஆக்ஸிஜன் அலாரம் அடித்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால், தையல்காரரின் குழாய் கழன்று தொங்குகிறது. உள்ளே இருந்த இன்னொரு நர்ஸ் வார்டின் மறுகோடியில் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அலமாரியில் கைக்கு அகப்பட்டதை எடுத்தாள். கிளி தனக்கென்று கூடுதலாக எழுதி வைத்திருந்த உடுப்பு அது. படத்தைப் பார்க்க நேரமில்லை, பார்த்திருந்தாலும் வேறு வழியில்லை. போட்டுக்கொண்டு ஓடினாள்.

குழாயை மாட்டினாள், அலாரம் நின்றது. தையல்காரர் மெல்லக் கண்ணைத் திறந்து அவள் மார்பைப் பார்த்தார்.

“கிளியா? வந்துட்டியாம்மா. இப்பத்தான் உயிர் வந்துச்சு.”

நான் கிளி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் எதிர்க் கட்டில்காரர் கையைத் தூக்கி ஆட்டினார். அதற்கடுத்த கட்டிலில், காலையிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவர் சிரிப்பார் என்பதே டீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவளும் கையை ஆட்டினாள்.

இதை எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு கட்டிலாகப் போனாள். ஒருவர் தலையைத் தடவிக் கொடுத்தாள், இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரலை மெல்லிசாக்கிக்கொண்டு, “நல்லாச் சாப்பிடணும், என்ன?” என்றாள். சாப்பிடாத ஒருவரை முறைக்காமல் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். உடுப்புக்குள் வேர்த்து ஊற்றியது, தகட்டில் ஆவி படிந்தது, ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது. பாவம், இத்தனை வருஷம் இல்லாமல் கிடைத்தது. ஆனால் அது அவளுக்குக் கிடைத்ததல்ல, இன்னொருத்திக்கு வந்ததை இவள் வாங்கிக்கொண்டாள்.

டிரைவரின் கட்டிலுக்குப் போனபோது அவர் சிரிக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. அவள் பழக்கதோஷத்தில் முதலில் குழாயைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள். ஆக்ஸிஜன் எண் இறங்கியிருந்தது. காற்றின் அளவைக் கூட்டி வைத்துவிட்டு, சுவரிலிருந்த பேசும் கருவியில் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. திரும்பியபோது டிரைவர் அவள் கையைப் பிடித்தார்.

“சாயங்காலம் வரைக்கும்... தாங்காது போல. ஃபோன்... இப்பவே. அவகிட்ட ஒரு வார்த்தை.”

“கொண்டு வரேன், கண்டிப்பா” என்றாள். அவர் கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் தையல்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

அவள் முறை முடிந்திருந்தது. மறு வாசலில் நின்று உடையைக் கழற்றும்போது எதிர்க் கண்ணாடியில் மார்பிலிருந்த கிளி தெரிந்தது. வால் கொஞ்சம் நீளம், அலகு வளைந்து சிரிக்கிற மாதிரி. அதற்கு மேல் வேர்த்து, முகமூடி பதிந்த வடுவோடு, அவளுடைய சொந்த மூஞ்சி. திருட்டுப் பொருளோடு பிடிபட்டவளைப்போல அவள் முகம் சூடானது. உடையைச் சுருட்டிக் குப்பைப் பையில் திணித்து முடிச்சுப் போட்டாள்.

குளித்துவிட்டு வந்தபோது அடுத்த முறைக்கு உள்ளே போகக் கிளி தயாராகிக்கொண்டிருந்தாள். தன் உடுப்பில் ஒன்று குறைவதை அவள் கவனிக்கவே இல்லை. அவளாவது கவனிப்பதாவது.

“எப்படி இருக்காங்க அக்கா எல்லாரும்? என்னை யாராவது கேட்டாங்களா?”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். ‘டிரைவர் ஃபோன் கேட்டார், இப்பவே எடுத்துட்டுப் போ.’ ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் கிளி ஃபோனோடு உள்ளே போய், டீச்சர் கொடுத்து அனுப்பினாங்க என்பாள். டீச்சர் எங்கம்மா வந்தாங்க, நீதானே வந்தே என்று தையல்காரர் கேட்பார். அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிடும். டீச்சர் கிளி வேஷம் போட்டு நோயாளி தலையைத் தடவினாளாம் என்று ஆஸ்பத்திரி முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். 

“யாரும் கேக்கல” என்றாள். “டிரைவருக்கு மூச்சு கொஞ்சம் மோசம். டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். பாத்துக்கோ.”

எப்படியும் சாயங்காலம் கிளி ஃபோன் கொண்டுபோவாள், கொஞ்ச நேரம் முன்னே பின்னே ஆனால் என்ன குடி முழுகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். பக்கத்துக் கட்டிடத்தில் நர்ஸ்களுக்கென்று ஒதுக்கிய அறைக்குப் போனாள். போன கையோடு தன் ஃபோனை எடுத்து வீட்டுக்குப் பேசினாள். மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டாள், படித்தாயா என்று கேட்டாள். அவளுடைய வீட்டுக்கு மட்டும் அவள் ஒரு நாளும் பேச மறந்ததில்லை.

கிளி மறுகோடியிலிருந்து ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து வருவதற்குள், சாயங்காலம் ஆகும் முன்பே, டிரைவருக்கு மூச்சு அடியோடு தளர்ந்துவிட்டது. மயக்க மருந்து கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் இறக்கி, மெஷினில் போட்டார்கள். அந்த அவசரத்தில் கிளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃபோனாவது ஒன்றாவது. இவர் பிழைப்பாரா என்று எல்லோரும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் இருந்த அந்த அம்மாவுக்கு நோய் முற்றியது. லேசாக இருக்கிறது என்றார்களே, அந்த அம்மாவுக்குத்தான். வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து அந்த அம்மா உயிரோடு திரும்பவில்லை. இங்கே இவர் மெஷினில் கிடந்தார், ஒன்றும் தெரியாமல்.

செய்தி வார்டுக்கு வந்த அன்று தையல்காரர் கிளியிடம் சொன்னார். திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். “நீ ஃபோன் கொண்டு வரேன்னு சொல்லிட்டுப் போனியேம்மா. மனுஷன் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தார்.”

கிளி ஓய்வறைக்கு வந்து டீச்சரின் எதிரில் உட்கார்ந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“அக்கா, எனக்கு ஞாபகமே இல்ல. எப்ப கேட்டார், நான் எப்ப சரின்னேன், ஒண்ணுமே ஞாபகம் இல்ல. மறக்கிறவதான் நான், எனக்கே தெரியும். ஆனா மறந்தா அப்புறமாவது ஞாபகம் வரும். இது வரவே மாட்டேங்குது. எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா அக்கா?”

டீச்சர் அவள் தோளில் கை வைத்தாள். “தூக்கமில்லாம வேலை பாக்கிறோம். மறக்கிறது சகஜம்தான்” என்றாள்.

கதை சொல்லும் எனக்கே அந்த வார்த்தைக்காக இன்னும் அவள்மேல் கோபம் ஆறவில்லை. ‘யாரும் கேக்கல’ என்றது ஒரு நொடிப் பதற்றத்தில் வந்த பொய் என்று விட்டுவிடலாம். இது அப்படியல்ல. ஒரு பெண் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தையில் அவளை மீட்டுவிடலாம். அதைச் செய்யாமல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கிளியின் பேச்சு நின்றுபோனது. உடுப்பில் படம் போடுவதை விட்டுவிட்டாள், வெறும் பெயரை மட்டும் எழுதினாள். மருந்தை ஏற்றுவதற்கு முன் மூன்று பேரிடம் காட்டிச் சரிதானா என்று கேட்டாள். கொடுத்த மாத்திரையைக் கொடுத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்தாள். கொஞ்ச நாளில், தன்னை வார்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லித் தலைமை நர்ஸிடம் கேட்டாள். துணிகள் வைக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே போர்வை மடித்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் டீச்சரிடம் சொன்னாள். “இந்த மாசத்தோட வேலையை விட்டுடப் போறேன் அக்கா. என்னை மாதிரி ஆள் கையில மருந்து இருக்கக் கூடாது.”

டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. தனக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம், டூட்டி முடியட்டும் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். தொற்று வார்டு டூட்டி முடிந்து வீட்டுக்குப் போன நாளில், அவள் குடியிருந்த கட்டிடத்தில் எல்லாரும் பால்கனியில் நின்று கைதட்டினார்கள். கணவர் பெருமை தாங்காமல் கீழ்வாசல் வரை இறங்கி வந்திருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு படியேறினாள். என்ன அடக்கம் பாருங்கள் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது அவளுக்கு.

டிரைவர் பிழைத்துக்கொண்டார். மெஷினை எடுத்தார்கள், குழாயை எடுத்தார்கள், பிறகு தொற்று இல்லாதவர்களின் வார்டுக்கு மாற்றினார்கள். மகள் வந்து அம்மா போன செய்தியைச் சொன்னாள். அதற்கு மறுநாள் காலை கிளி டீச்சரைத் தேடி வந்தாள்.

“அவரைப் பாத்து மன்னிப்புக் கேக்கணும் அக்கா. கேக்காமப் போனா எனக்குத் தூக்கமே வராது. தனியாப் போக பயமா இருக்கு, நீங்க கூட வாங்க.”

வராமல் என்ன செய்வாள்? இரண்டு பேரும் படியிறங்கினார்கள். இந்தப் படி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். படி முடிந்தது. நடைபாதையில் ஒருவன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான், அவனைத் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தாள். தாண்டியும் ஆயிற்று. வார்டு வாசலில் நின்று, “கிளி, ஒரு நிமிஷம்” என்றாள். கிளி திரும்பிப் பார்த்தாள். அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது. “பரவால்ல அக்கா, நான் அழமாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிரைவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். இரண்டு பேரையும் முழு முகத்தோடு அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனாலும் கிளி வாயைத் திறந்ததுமே, “கிளியா?” என்றார். குழாய் போய் வந்த தொண்டையில் குரல் கரகரத்தது.

கிளி அழமாட்டேன் என்றவள், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். “ஐயா, நீங்க ஃபோன் கேட்டீங்க. கொண்டு வரேன்னு சொல்லிட்டு நான் மறந்துட்டேன். அதனாலதான் நீங்க அம்மாகிட்ட கடைசியா...” அதற்கு மேல் வரவில்லை.

டிரைவர் அவளைப் புரியாமல் பார்த்தார்.

“உன்கிட்ட நான் எங்கம்மா கேட்டேன்?”

“அன்னைக்கு மத்தியானம். தையல்காரர் சொன்னாரே.”

“அன்னைக்கு வந்தது நீ இல்லையே.” அவர் பார்வை கிளியின் தோளுக்கு மேலாகப் போய் டீச்சரிடம் நின்றது. நின்ற நிலையையும், கையைக் கட்டியிருந்த விதத்தையும் ஒரு முறை மேலும் கீழுமாகப் பார்த்தார். “இவங்கதானே வந்தது. உன் படத்தை மாட்டிக்கிட்டு வந்தாங்க. நீயா இருந்தா, வரும்போதே பேசிக்கிட்டு வந்திருப்பே. இவங்க வந்ததும் குழாயப் பாத்தாங்க, மீட்டரப் பாத்தாங்க. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், முதுகுக்குப் பின்னாடி எவன் என்ன பண்றான்னு கண்ணாடியிலயே கண்டுபுடிப்பேன். இது தெரியாதா எனக்கு?”

கிளி திரும்பினாள். டீச்சர் கட்டியிருந்த கையை எடுத்தாள்.

“நான்தான்” என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். “நான்தான் கிளி. என் உடுப்பு கிழிஞ்சிடுச்சு. எல்லாரும் என்னை நீன்னு நினைச்சாங்க. நானும் சொல்லல. சொல்லியிருந்தா ஃபோன் போயிருக்கும். வெக்கப்பட்டுக்கிட்டு விட்டுட்டேன்.”

கிளி அவளைத் திட்டவில்லை. அதைக் கேட்டாளா என்பதே தெரியவில்லை. “அப்போ நான் மறக்கலையா?” என்றாள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து. “நான் மறக்கவே இல்லையா?” பிறகு தரையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அழுத அழுகை வேறு, இது வேறு.

டிரைவர் டீச்சர் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட அவருக்குத் தெம்பும் இல்லை.

“கிளி வரட்டும்னு நான் காத்துக்கிட்டிருந்திருக்கலாம். அந்தப் புள்ள வாயாடி, போற வழியில யார்கிட்டயாவது பேசிக்கிட்டு நின்னுரும், மறந்துரும்னு நினைச்சேன். நீங்க வந்ததும், சரி, இவங்க கைல சொன்னா நடந்துரும்னு உங்ககிட்ட கேட்டேன். நீங்க சரின்னதும் நிம்மதியாக் கண்ண மூடினேன்.”

வார்டில் அவளைக் கண்டதும் மலர்ந்த முகம் இல்லை என்றுதானே அவள் இத்தனை வருஷம் ஏங்கினாள்? மலராத ஒரு முகம் அவளை முழுசாக நம்பியிருக்கிறது. அது அவளுக்கே, அவளுடைய சொந்தக் கைக்கு வந்தது. அதைத்தான் அவள் தவறவிட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கிளி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருடைய போர்வையைச் சரிசெய்தாள். டிரைவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

“சாயங்காலம் என் பொண்ணு கூப்பிடுவா. ஃபோன நீ கொண்டு வாம்மா” என்றார். “மறந்தாலும் பரவால்ல, நீயே கொண்டு வா.”

டீச்சர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.